உலக்கைக்கும் கைக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை

‘வண்டி நன்றாக ஓடுகிறது. சத்தமில்லை, புகையில்லை. பிறகு எதற்கு டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்?’ பழைய டொயோட்டா குவாலிஸ் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. சந்தேகம் நல்லதுதான்; மைலேஜ் கூட்டும் காந்தம், இன்ஜினை இளமையாக்கும் திரவம் என்று வாகன உலகில் வாய்ஜாலத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெல்ட் விஷயத்தில் ‘நன்றாக ஓடுகிறது’ என்பது சாட்சியாகாது.

குவாலிஸின் 2.4 லிட்டர் டீசல் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 92. கம்ப்ரஷன் விகிதம் ஏறத்தாழ 22-க்கு 1. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காற்றுக்கு மிஞ்சும் இடம் சுமார் 29 சிசி. அது முழுவதும் பிஸ்டன் தலைமேல் பரவியிருந்தாலும் உயரம் நாலரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அதிலும் கணிசமான பங்கை ஹெட்டுக்குள் இருக்கும் தனி அறை எடுத்துக்கொள்கிறது. முழுதாகத் திறந்த வால்வோ அதைவிட ஆழமாக இறங்கி நிற்கும். ஒரே இடத்தை இரண்டு பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். உரலில் மாவு இடிப்பது போலத்தான்: ஒருவர் உலக்கை போடுவார், உலக்கை மேலே போகும் இடைவெளியில் இன்னொருவர் கையை விட்டு மாவைத் தள்ளிவிடுவார். பிஸ்டன் உலக்கை, வால்வு கை. என்ன, இந்த உலக்கை கீழிருந்து மேலே குத்தும். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு கையும் நொடிக்கு 25 முறை உள்ளே போய் வெளியே வந்தாக வேண்டும். போதாததற்கு இருவர் கண்ணும் கட்டியிருக்கிறது. இருவர் மணிக்கட்டையும் பிணைத்த கயிறு ஒன்றுதான் தாளம். அதுதான் பெல்ட். உலக்கையோடு சேர்ந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கையை ஆட்டும் கேம் ஒரு சுற்று, இம்மியும் பிசகாமல். உரலில் அரிசி போடும் மூன்றாவது ஆளும், அதாவது டீசல் பம்பும், இதே கயிற்றில்தான். கயிறு அறுந்தால் கை உரலுக்குள்ளேயே நின்றுவிடும். உலக்கையோ இருக்கிற வேகத்தில் இன்னும் சில குத்துக் குத்திவிட்டுத்தான் ஓயும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

மூடியைத் திறந்து பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது ரப்பர். இழுவையைத் தாங்குவது அதற்குள் ஓடும் கண்ணாடி இழைகள். விரிசலோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் மாற்ற அதுவே போதும். ஆனால் எதுவும் தெரியாததால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சூட்டில் ரப்பர் இறுகுவது வருடக் கணக்கில் நடப்பது, ஆகவே ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டிக்கும் விலக்கில்லை. டொயோட்டாவின் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பெல்ட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் எண்ணி முடித்ததும் எரியும், அவ்வளவுதான். கைமாறி வந்த வண்டியில் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை யாராவது அணைத்திருக்கவும் முடியும்.

சங்கிலி இருக்க ரப்பர் எதற்கு? வரலாறு சுருக்கமானது. பல் வைத்த பட்டை 1940களில் அமெரிக்கத் தையல் மெஷினுக்காக வந்தது. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் கேமைச் சுற்றியது. 1976-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் டீசலிலும் இடம்பிடித்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. சங்கிலிக்கு ஒரு நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை: தேய்ந்து நீளும்போது பெரும்பாலும் கடகடத்துச் சொல்லிவிடும். ஆனால் ‘வாழ்நாள் முழுதும் கவலையில்லை’ என்ற விளம்பரத்தில் யாருடைய வாழ்நாள் என்பதுதான் தெளிவாக இருப்பதில்லை. எண்ணெய் அழுக்கானால் சங்கிலியும் சீக்கிரமே நீளும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைச் சிக்கனம். டென்ஷனர், ஐட்லர் பேரிங் இறுகினாலும் கேம், கிராங்க் ஆயில் சீல் கசிந்தாலும் புதுப் பெல்ட்டின் கதி பழையதன் கதிதான். பல் ஒன்று தவறினாலும் கணக்கு கெடும்: கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 18 டிகிரி. அதனால்தான் நல்ல மெக்கானிக் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் சேர்கின்றனவா என்று பார்ப்பார். சுற்றும்போது ‘டக்’கென்று எங்காவது முட்டினால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுவார். உலக்கை கையைத் தொட்டுவிட்டது. மெதுவாக வந்ததால் இன்னும் நசுங்கவில்லை.