நதி காக்குமென்ற நம்பிக்கை

ஐக்கிய அமெரிக்காவின் மத்தியப் பிரதேசங்களிலே ஒரு விசித்திரமான நம்பிக்கை நெடுங்காலமாய் நிலவி வருகிறது. 'டார்னடோ' என்னும் கொடிய சுழற்காற்று நதியைத் தாண்டாதென்றும், இரண்டு ஆறுகள் கூடுமிடத்திலுள்ள பட்டணத்தை அது அண்டாதென்றும் ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர்ப் பெருமை பேசுவதை நாம் குற்றமென்று சொல்லோம். ஆனால், அபாயச் சங்கு ஊதும்போதும் நிலவறைக்குள் இறங்காமல் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கச் செய்யும் பெருமை உயிருக்கே உலை வைப்பதாகும்.

சரித்திரம் கூறும் சாட்சியைக் கேட்போம். 1840-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி மிஸிஸிபி நதிக்கரையிலுள்ள நாச்செஸ் பட்டணத்தைத் தாக்கிய காற்று, நதியைக் கடந்ததோடு நிற்கவில்லை. நதியையே ராஜபாட்டையாகக் கொண்டு பல மைல் தூரம் அதன்மேலேயே வந்தது. துறையிலிருந்த படகுகள் நூற்றுக்கு மேல் நாசமாயின. மாண்டவர்களென்று எழுதிவைத்த 317 பேரில் 269 பேர் நீரின்மேல் இருந்தவர்கள். தோட்டங்களில் மடிந்த அடிமைகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை என்று கருதப்படுகிறது. அக்காலத்து எஜமானர்களுக்கு அது சகஜந்தானே! 1896 மே 27-ல் ஸெயின்ட் லூயிஸ் நகரைச் சூறையாடிய காற்று, அதே நதியைத் தாண்டி எதிர்க்கரையிலும் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1925 மார்ச் 18-ல் மிஸௌரியில் கிளம்பியதோ, மிஸிஸிபியையும் வாபாஷையும் கடந்து, 219 மைல் ஓடி, 695 உயிர்களைக் கொள்ளைகொண்டது.

இதிலே அதிசயம் ஒன்றுமில்லை. நதியின் அகலம் ஒரு மைல் இருந்தால் அதிகம். சுழலைத் தாங்கிச் செல்லும் இடிமேகமோ பல மைல் உயரமும் அகலமும் உடையது. மேகத்தில் வேர்கொண்ட காற்றைக் கீழே ஓடும் தண்ணீர் என்ன செய்துவிடும்? இத்தகைய காற்று ஓர் ஊரைத் தலைமுறைக்கு ஒருமுறை தாக்குவதே அபூர்வம். தப்பிய ஊரார் காரணம் தேடி நதிக்குப் புகழ் சூட்டுகிறார்கள்.

பரந்து குளிர்ந்த ஏரிகளின் விஷயம் சற்று வேறு. வசந்த காலத்தில் அமெரிக்கப் பேரேரிகள் தம்மேலுள்ள காற்றைக் குளிரச் செய்து, இடிமழையின் வேகத்தைச் சில சமயம் தணிப்பதுண்டு. அதையும் உறுதியாக நம்புவதற்கில்லை. வெதுவெதுப்பான கடலோ பகைவனுக்குப் படியளப்பது போன்றது. மத்தியச் சமவெளியின் டார்னடோக்களுக்கு வேண்டிய ஈரத்தை அனுப்புவது மெக்ஸிகோ வளைகுடாவே. ப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளையடுத்த கடலில், நீரின்மேலேயே சுழற்றூண்கள் பிறக்கின்றன. அவை கடலை உறிஞ்சுவதாகப் பலர் எண்ணுவர். கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டான மேகத் துளிகளே. அவற்றில் அநேகம் கரை சேர்ந்ததும் மாய்ந்துபோகும். பெரும் இடிமேகத்தினின்று இறங்குபவை மட்டும் கரையேறியும் அழிவு செய்யும்.

ஆறுகளே அரணாகுமென்றால் பங்களாதேஷைப்போல் காப்புள்ள தேசம் உலகில் வேறு இராது. அங்கே மாணிக்கஞ்ச் ஜில்லாவின் மேற்கில் யமுனாவும் தெற்கில் பத்மாவும் கடல்போல் ஓடுகின்றன. வங்கக் கடலின் ஈரக்காற்று சித்திரை மாதத்தில் அவ்வழியே உள்நாட்டுக்குப் போகிறது. 1989 ஏப்ரல் 26-ந் தேதி மாலை அந்த ஜில்லாவின் தௌலத்பூர், ஸாட்டூரியா பகுதிகளில் வீசிய டார்னடோவில் சுமார் 1,300 பேர் இறந்தனர். அந்தத் தகரக் கூரை வீடுகளில் இறங்கி ஒளிய நிலவறையும் கிடையாது.