பத்து வட்டியா, பதினெட்டா?

ஊருக்குள் வட்டியை யாரும் வருஷக் கணக்கில் சொல்வதில்லை. ‘ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். வங்கியில் சொல்வது வருஷத்துக்கு. அதனால் ‘அங்கே பன்னிரண்டாம், இங்கே வெறும் ரெண்டுதான்’ என்று பேச்சுவாக்கில் ஒப்பிட்டுவிடக் கூடாது. ரெண்டு வட்டி என்பது வருஷத்துக்கு 24 சதவீதம். அந்த வட்டியைக் கட்டாமல் வருஷா வருஷம் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், மூன்றே வருஷத்தில் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் வருஷம் வந்துவிடும். 1494-ல் இத்தாலியில் லூகா பச்சோலி அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே இந்தக் குறுக்குவழி இருக்கிறது. 6 சதவீத வைப்புத்தொகைக்கு 12 வருஷம், 24-க்கு மூன்று.

இதுவரை சிக்கல் இல்லை. ரெண்டு வட்டிக் கடனில் அசல் முழுசாக உங்களிடமே இருக்கிறது, மாதா மாதம் வட்டியை மட்டும் கொடுக்கிறீர்கள். 24 என்றால் அது நிஜமான 24. அசலையும் துண்டு துண்டாகத் திருப்பத் தொடங்கும்போதுதான் கணக்கு வழுக்குகிறது.

தண்டலை எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் காய்கறி விற்கும் அக்காவுக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டல். கைக்கு வருவது 9,000. ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சின்ன அட்டை ஒன்றில் கட்டம் கட்டமாக இருக்கும். சாயங்காலம் ஆள் வந்து காசை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்துப் பர்சென்ட்தானே’ என்பார் அக்கா.

அந்தப் பத்தில் மூன்று ஓட்டை. முதலாவது, அவர் வாங்கியது 9,000, பத்தாயிரம் அல்ல. இரண்டாவது, அந்த ஆயிரம் ஒரு வருஷத்துக்கு அல்ல, நூறு நாளுக்கு. மூன்றாவதுதான் கண்ணில் படாதது: அந்த 9,000-மும் நூறு நாள் அவரிடம் இருக்கவில்லை. மறுநாளே நூறு போய்விட்டது, அதற்கு மறுநாள் இன்னொரு நூறு. ஐம்பதாம் நாள் 5,000 திரும்பியிருக்கும். முதல் நாள் 9,000, கடைசி நாள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சராசரி பார்த்தால் நூறு நாளும் அவர் கையில் இருந்தது சுமார் 4,500. அதற்குத்தான் ஆயிரம் ரூபாய் வட்டி, அதாவது நூறு நாளுக்கு 22 சதவீதம். ஒரு வருஷத்தில் இப்படி மூன்றரை நூறு நாளுக்கு மேல் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு 80 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். கைக்கு 8,500 மட்டும் கொடுத்தால் 120-ஐத் தாண்டும்.

தண்டல்காரரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. (தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது, அது தனிக் கதை.) விடியற்காலை மார்க்கெட்டில் வாங்கி இருட்டுவதற்குள் விற்றுவிடுகிற வியாபாரத்தில் முதல் தினமும் ஒரு சுற்று சுற்றுகிறது. அந்த லாபத்தில் இந்த வட்டியைக் கட்டிவிட்டு மிச்சமும் பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். அதே தண்டலை வாங்கி வீட்டுக்கு ஃபிரிட்ஜ் எடுத்தால்தான் ஆபத்து. ஃபிரிட்ஜ் தினமும் நூறு ரூபாய் சம்பாதித்துத் தராது.

இதே ஓட்டை, சட்டை இஸ்திரி கலையாமல், வண்டிக் கடனிலும் வரும். ‘பத்துப் பர்சென்ட்தான் சார், ஃபிளாட் ரேட்’ என்பார்கள். ஒரு லட்சம் கடன், இரண்டு வருஷம். வருஷத்துக்குப் பத்தாயிரம் வீதம் இருபதாயிரம் வட்டி. மொத்தம் 1,20,000-ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை 5,000. கணக்கு சுத்தம், மறைப்பு எதுவுமில்லை. ஆனால் முதல் வருஷம் முடியும்போதே அசலில் பாதியைக் கட்டிவிட்டீர்கள், இரண்டாம் வருஷமும் முழு லட்சத்துக்கே வட்டி ஓடுகிறது. வீட்டில் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு முழு வீட்டுக்கும் வாடகை கட்டுவது மாதிரி. மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால், இந்தப் ‘பத்து’ உண்மையில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்.

பக்கத்து வங்கியில் 14 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி, அதாவது ரெட்யூசிங் என்கிறார்கள் என்று வையுங்கள். பதினான்கைக் கேட்டதும் பலர் எழுந்து வந்துவிடுவார்கள். அதே ஒரு லட்சத்துக்கு, அதே 24 மாதத்துக்கு அங்கே தவணை 4,801 ரூபாய்தான் வரும். மொத்த வட்டி 15,200 சொச்சம். பத்தைவிடப் பதினான்கு கிட்டத்தட்ட 4,800 ரூபாய் மலிவு! ஒரு மாதத் தவணையே மிச்சம்.

ஃபிளாட் என்று காதில் விழுந்தால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டீ ஆறுவதற்குள் போட்டுவிடலாம். துல்லியமாக வேண்டுமென்றால் கடன் கொடுப்பவரிடமே கேட்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதுக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். வட்டியோடு பிராசசிங் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்து, குறைந்துகொண்டே போகும் அசலுக்குப் போட்ட வருஷ விகிதம் அது. இரண்டு இடத்தில் கடன் விசாரித்தால் அந்த ஒரு வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவணைக் காலமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கையெழுத்தை அப்புறம் போடலாம்.