மலையில் செய்த பெட்டி சமவெளியில் ஏன் வெடிக்கிறது?

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. பெட்டி படுக்கையோடு தலைமன்னார் வரை ரயில். அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். தகரப் பெட்டி என்றால் கவலையில்லை. லயக் காம்பரா (தோட்டத்து வரிசைவீட்டு அறை) வாசலில் பலகை அறுத்துச் செய்த மரப்பெட்டி என்றால், முதல் கோடையிலேயே மூடி பிளந்துவிடலாம். ஆசாரி விஷயம் தெரிந்தவராக இருந்தால் பிளக்காது.

அவர்கள் விட்டுவந்த மலையகத்தில் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி இறங்கும் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை எட்டும். அந்தக் காற்றில் கிடக்கும் பலகை தன் உலர் எடையில் சுமார் 18 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள வெயிலூரில் அது 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இந்த நீர் மரத்தின் உயிரணுச் சுவர்களில், செல்லுலோஸ் இழைகளின் நடுவே ஒட்டியிருந்தது. அது போனதும் இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அவை பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் ஓடுவதால், பலகை அகலத்தில்தான் ஒடுங்கும். மூன்றடிப் பலகையின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. ஒன்றரை அடி அகல மூடியோ கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை சுருங்கும்!

மூடி கோணாமலிருக்க உட்புறம் குறுக்கே இரண்டு சட்டம் வைப்பார்கள். வம்பு அங்கேதான். சட்டத்தின் நீளம் மாறாது, மூடியின் அகலம் மாறும். இரண்டையும் ஆணியடித்து இறுக்கினால், சுருங்க வழியில்லாத மூடி நடுவே பிளக்கும். கைதேர்ந்த ஆசாரி சட்டத்தின் நடுவில் ஒரு திருகாணியை மட்டும் இறுக்குவார். ஓரத்துத் துளைகளைச் சட்டத்தின் நீளவாக்கில் நீட்டித் தோண்டுவார். மூடி சுருங்கும்போது ஓரத்துத் திருகாணிகள் அந்தத் துளைகளுக்குள் நகரும். சட்டத்துக்கு வச்சிரம் தடவமாட்டார். பின்விளிம்பைப் பிணைச்சல் பிடித்திருப்பதால் அசைவெல்லாம் முன்னால்தான் தெரியும். அதற்காக முன்விளிம்பைச் சற்று வெளியே நீட்டி விடுவார். பக்கப் பலகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கிலும் ரேகை கிடையாக ஓடினால் நான்கும் சேர்ந்தே உயரம் குறையும், மூலைப் பற்கள் ஒன்றோடொன்று சண்டை போடாது.

தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், அந்தக் காலத்தில் வேறு வழி. சுமார் 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய தூள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடாது. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார்கள். ஒன்று சுருங்கப் பார்க்கும் திசையில் அடுத்ததன் இழை நீளவாக்கில் நின்று தடுக்கும். உள்ளே ஒட்டிய உலோகத் தாள் ஈரத்தை மறிக்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் என் ஓட்டு அந்த நீட்டுத் துளைக்கே. உளியைத் தவிர வேறொன்றும் தேவையில்லை, பாருங்கள்.

உங்கள் வீட்டில் பாட்டன் காலத்து மரப்பெட்டி இருந்து, மூடியில் வெடிப்பு கண்டால், கோடையில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் பலகை மீண்டும் விரியும்போது அந்த அடைப்பே அதை நெம்பும். முதலில் சட்டத்தின் ஓரத்து ஆணிகளைக் கழற்றித் துளைகளை நீட்டிவிடுங்கள்.