நான்சி ட்ரூவை எழுதியது யார்?

துப்பறியும் சிறுமி நான்சி ட்ரூவின் கதைகள் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது 1930-இல். அட்டையில் இருந்த பெயர் கரோலின் கீன். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை! எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரின் நிறுவனம் கதைச் சுருக்கத்தைக் கொடுத்து, ஆள் வைத்து எழுதி வாங்கியது. முதல் 30 புத்தகங்களில் 23-ஐ எழுதியவர் மில்ட்ரெட் பென்சன். முதல் கதைகளுக்குத் தலா 125 டாலர், அத்தோடு சரி. உரிமையும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் நீல நிறக் காரைத் தானே ஓட்டிச்சென்று, யாருக்கும் அஞ்சாமல் மர்மங்களை அவிழ்த்த அந்தப் பெண்ணின் துணிச்சல், பென்சன் கொடுத்ததுதான். 1980-இல் பதிப்பாளர்களுக்கிடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகே உண்மை பரவலாகத் தெரியவந்தது. கடைசிவரை பத்திரிகையாளராகவும் உழைத்த பென்சன், 2002-இல் தமது 96 வயதில் காலமானார்.