உஷார்! முதல் பைலிங் அடி விழும் முன்னே வீட்டைப் படம் பிடியுங்கள்

உங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்களைச் சாய்க்கிறார்களா? தகரவேலி அடிக்கிறார்களா? மண் லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றனவா? அப்படியானால் உங்களுக்கு அவகாசம் குறைவு. வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் சுவர், தரை, கூரை, சாக்கடை எல்லாம் எப்படி இருந்தன என்பதற்கு இன்றே ஆதாரம் எடுத்து வையுங்கள். பைலிங், அதாவது மண்ணுக்குள் தூண் அடிக்கும் வேலை, தொடங்கிய மறுநாள் எடுக்கும் படத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது.

உலு சிலாங்கூரின் ராசா சின்ன ஊர்தான். சுற்றி நடக்கும் வேலைகள் சின்னவை அல்ல. ரவாங்கிலிருந்து ஈப்போ வரை ஒற்றைத் தண்டவாளம் இரட்டையானது. 2007இல் கொமியூட்டர் ரயில் ராசாவைத் தொட்டது. ரயில் வரும் இடத்துக்கு வீடமைப்பு நிறுவனங்களும் வரும். பத்தாங்காலி, செரண்டா, புக்கிட் பெருந்தோங் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று தாமான்கள் இருக்கின்றன. கிழக்குக்கரை ரயில் திட்டத்தின் பாதை கோம்பாக்கிலிருந்து செரண்டா, பூஞ்சாக் ஆலாம், காப்பார் வழியாகக் கிள்ளான் துறைமுகத்தை நோக்கிப் போகிறது. கோல சிலாங்கூர் பக்கம் மேற்குக்கரை நெடுஞ்சாலை. இவை நாட்டுக்குத் தேவைப்படலாம். அதற்காக உங்கள் வீட்டுச் சுவர் பிளந்தால் அந்தச் செலவை நீங்கள் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பிளந்தது எப்போது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். நஷ்டஈடு கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். “இது பழைய வெடிப்பு அண்ணே, வீடு பழசு” என்று தளத்து மேலாளர் சொன்னால், மறுத்துக் காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது?

மண் எப்படிச் சேதம் செய்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் பதிவு செய்வது என்று புரியும். பைல் அடிக்கும்போது வரும் அதிர்வு எல்லாருக்கும் தெரியும்; பாத்திரம் அதிரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அதைவிட மோசமானவை சத்தமே இல்லாதவை. ஆழமாகக் குழி தோண்டி நீரை இறைத்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் இறங்கும். நீர் இறங்கிய மண் அமுங்கும், அமுங்கிய மண்ணோடு அஸ்திவாரமும் இறங்கும். கோல சிலாங்கூர் கரையோரத்துக் களிமண்ணும் கரிமண்ணும் மென்மையானவை. அங்கே பக்கத்து நிலத்தில் பத்தடிக்கு மண் கொட்டி மேடாக்கினால், அந்தப் பாரமே உங்கள் வேலியோரத்தையும் சேர்த்து அமுக்கும். உலு சிலாங்கூரிலோ மேட்டுச் சரிவுதான் ஆபத்து. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங்காலி அருகே முகாமிட்டிருந்த 31 பேரின் உயிரை மண்சரிவு பறித்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது.

இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். மலையகத் தமிழர்கள் வாழும் பதுளை மாவட்டத்தில் உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசம்பர் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. ஆயிரக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டார்கள். 2017இல் பண்டாரவளையில் பெரிய போராட்டமே நடந்தது. மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் கிணற்றில் முன்பு எத்தனை அடித் தண்ணீர் நின்றது என்று எழுதி வைக்கிற குடும்பம் எங்கே இருக்கிறது? வற்றிய பிறகு சொன்னால் மழை இல்லை என்பார்கள். ஆகவே உங்கள் வளாகத்தில் கிணறு இருந்தால், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒருமுறை.

கொல்கத்தாவின் பௌபஜார் இன்னொரு பாடம். 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கத்தை உடைத்ததும் துர்கா பிதுரி சந்திலும் அதைச் சுற்றியும் பழைய வீடுகள் சரிந்தன. மக்கள் அவசர அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். பத்திரமும் நகையும் உள்ளே. 2022இல் இரண்டு முறை மீண்டும் அதே வட்டாரத்தில் வெடிப்பு. நீங்கள் எடுக்கும் படங்களும் நிலப்பட்டாவின் நகலும் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தால் பயன் இல்லை. ஒரு நகல் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ அக்காள் வீட்டிலோ இருக்கட்டும்.

சரி, எப்படிப் படம் எடுப்பது? முதலில் வீட்டைத் தெருவிலிருந்து நான்கு பக்கமும். பிறகு ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று வலப்பக்கமாகச் சுற்றி, ஒரு சுவரும் விடாமல். மேற்கூரையின் உட்புறம், தரை ஓடுகள், குளியலறை மூலைகள், கதவு நிலைகள், ஜன்னல் மூலைகள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைக் கட்டாயம் எடுங்கள். அஸ்திவாரம் அசையும்போது முதலில் அங்கேதான் தெரியும். ஏற்கெனவே உள்ள வெடிப்பை மறைக்காதீர்கள். அதை எடுத்து வைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு: “ஆமாம், இது இருந்தது, ஒரு மில்லிமீட்டர் இருந்தது, இப்போது ஆறு.” வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் ரூலரை வைத்து எடுங்கள். பொறியாளர்கள் பின்பற்றும் பிரிட்டிஷ் வகைப்பாட்டில் 5 மில்லிமீட்டர் வரை லேசான சேதம், 15 வரை நடுத்தரம், 25ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. அந்த மில்லிமீட்டர்களில்தான் உங்கள் நஷ்டஈட்டுப் பேச்சு நடக்கும். அகலம் தெரியாத படத்தைக் காட்டினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

எல்லாக் கதவுகளையும் திறந்து மூடி வீடியோ எடுங்கள். பின்னால் இறுகிப்போகும் கதவு இன்று தடையில்லாமல் மூடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சாக்கடையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எடுங்கள். பக்கத்துத் தளம் உங்கள் வீட்டைவிட மேடாக உயரப்போகிறது என்றால் இது மிக முக்கியம். வெள்ளமே வராத வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது “இங்கே எப்போதும் வெள்ளம்தான்” என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, அல்லது நிற்கவில்லை, என்பதை நினைவிருக்கும்போதே எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய ஆல்பத்தையும் புரட்டுங்கள். புதுமனை புகுவிழா, மகள் கல்யாணத்து நலுங்கு, தீபாவளிக்குக் குடும்பமாக எடுத்த படம், எல்லாவற்றிலும் பின்னால் சுவர் நிற்கிறது. அதில் வெடிப்பு இல்லை என்றால் அதுவும் ஆதாரம்.

கைப்பேசியில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். எப்போது எடுத்தது என்ற உள்விவரத்தையும் உதறிவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்புங்கள். அந்தத் தேதி நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் முக்கியமான படங்களை அச்சிட்டு, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் பிரமாணப் பத்திரமாக்கிக்கொள்ளலாம். கையில் வசதி இருந்தால், அல்லது தாமானில் பத்து வீடுகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால், பதிவுபெற்ற பொறியாளரையோ கட்டட அளவையாளரையோ அழைத்து அறிக்கை வாங்குவதுதான் மிகச் சிறந்தது. தனி வீடாகப் போராடுவதைவிடத் தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் எடுத்த பதிவுக்குக் கனம் அதிகம்.

நம்மில் பலருக்குப் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. சொந்தச் செலவில் பின்பக்கம் நீட்டிய சமையலறை. அந்த நீட்டிப்பின் அஸ்திவாரம் மூலவீட்டினுடையது போல இருக்காது. ஆகவே இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வருவது வழக்கம். திட்ட அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால், குத்தகையாளரின் பொறியாளர் வந்தவுடன் நேராக அங்கேதான் போவார். அந்த இணைப்பை அங்குலம் அங்குலமாக இன்றே பதிவு செய்யுங்கள். மற்றச் சுவர்களின் சேதத்தையும் அதன் தலையில் கட்டிவிட இடம் கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் குத்தகையாளர் தரப்பிலிருந்தே ஆள் வரலாம், ‘டிலாப்பிடேஷன் சர்வே’ என்று சொல்லிக் கேமராவோடு. உள்ளே விடுங்கள். “யாரென்று தெரியாதவனை ஏன் விடவேண்டும்” என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிட்டால், பின்னால் “உரிமையாளர் அனுமதி மறுத்தார்” என்ற ஒரு வரியோடு உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். அடையாள அட்டையைப் பாருங்கள், நிறுவனத்தின் கடிதத்தைக் கேளுங்கள், கூடவே நடந்து அவர் எடுக்கும் அதே இடங்களை நீங்களும் எடுங்கள். அவர் நீட்டும் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்! பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். முழு அறிக்கையின் நகல் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். வெற்று இடங்கள் இருந்தால் கோடு போட்டு அடியுங்கள். அது அவர்களுடைய சாட்சி. அவர்களுக்குத் தேவையானது அதில் இருக்கும்.

குத்தகையாளரிடம் காப்புறுதி இருக்கிறதே என்று அசந்துவிடவும் கூடாது. கட்டுமானக் காப்புறுதியில் அதிர்வு, மண் தாங்கல் இழப்பு ஆகியவற்றுக்கான பாதுகாப்பு பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்படும் விதி. அப்படிச் சேர்த்தாலும், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்காத மேலோட்டமான வெடிப்புகளை அது பொதுவாக ஏற்பதில்லை. பக்கத்துக் கட்டடம் வேலைக்கு முன் நல்ல நிலையில் இருந்ததா என்றும் கேட்கும். அதனால் சாதாரண வெடிப்புக்கான பணம் குத்தகையாளரின் சொந்தப் பையிலிருந்து வரவேண்டியிருக்கும். அவர் இழுத்தடிப்பதற்குக் காரணம் இதுதான்.

வேலியில் தொங்கும் திட்ட அறிவிப்புப் பலகையையும் மறக்காமல் படம் எடுங்கள். மேம்பாட்டாளர், குத்தகையாளர், பொறியாளர் பெயர்கள், அனுமதி எண்கள் அதில் இருக்கும். புக்கிட் பெருந்தோங்கில் கைவிடப்பட்ட வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு நிறுவனம் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று தெரியும். உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகங்களுக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள்: மண்வேலைத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டதா, அதிர்வுமானி வைப்பார்களா என்று கேளுங்கள். ஜெர்மனியின் டி.ஐ.என். 4150 தர அளவு, சாதாரண குடியிருப்பு வீட்டுக்கு மெதுவான அதிர்வில் நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தையே வரம்பாக வைக்கிறது. நம் சுற்றுச்சூழல் துறைக்கும் அதிர்வு வழிகாட்டி உண்டு. கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் தளத்தில் கவனம் கூடும்.

ஆனால் நகராண்மைக் கழகம் அனுமதி கொடுத்ததாலேயே உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் 2000இல் பொறுப்பைப் பிரித்தபோது பக்கத்து நில உரிமையாளரான நிதி நிறுவனத்துக்கு 30 விழுக்காடு வந்தது. பக்கத்து நிலத்துக்காரருக்கும் கடமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் ஊராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது.

தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் “வீடு கம்பெனியுடையது, எனக்கென்ன” என்று நினைக்க வேண்டாம். கூரை பெயர்ந்து விழுந்தால் உங்கள் பிள்ளையின் தலையில்தான் விழும். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டு நடந்தார்கள் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும். எந்த வீட்டில் யார், எத்தனை ஆண்டாக, எந்த நிலையில் இருந்தார்கள் என்ற பதிவு அப்படிப்பட்ட போராட்டங்களில் உயிர்நாடி. தோட்டத்துக் கோவில்களும் அப்படியே. கோபுரச் சுதை உருவங்கள் அதிர்வுக்கு முதலில் உதிரும். கும்பாபிஷேக வீடியோவை நிர்வாகத்தார் தேடி எடுத்து நகல் போடட்டும். இன்றைய நிலையையும் புதிதாக எடுக்கட்டும், கோவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கடிதங்களையும் சேர்த்து வைக்கட்டும்.

வேலை நடக்கும்போது வெடிப்பு தெரிந்தால் மேஸ்திரியை அழைத்துப் பூசிவிடாதீர்கள். பூசினால் ஆதாரம் போய்விடும். அன்றே படம் எடுத்து, குத்தகையாளருக்கும் மேம்பாட்டாளருக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆபத்தாகத் தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறிப் பொறியாளரையும் தீயணைப்புத் துறையையும் அழையுங்கள். 5,000 ரிங்கிட்டுக்குள் அடங்கும் தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். எந்தத் தொகையானாலும் வழக்குப் போடப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. பிந்தித் தெரியவந்த சேதத்துக்கு, 2018இல் செய்த திருத்தத்தின்படி, அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை கேட்க வழி இருக்கிறது. எதிரில் நிற்பது அரசாங்கத் துறையோ நகராண்மைக் கழகமோ என்றால் கணக்கு வேறு: 36 மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும். சேதம் கண்ட அன்றே தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அந்த மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ பாருங்கள்.