நேரந் தவறாத சிறு கணினி

துணி துவைக்கும் இயந்திரம், மோட்டார் வண்டியின் பிறேக், நோயாளியின் உடலில் மருந்தை அளவாகச் செலுத்தும் பம்பி ஆகிய இவற்றினுள் இன்று ஒரு சிறு கணினி அமர்ந்து பணிபுரிகின்றது. கணிக்கும் உறுப்பும், நினைவகமும், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்களும் ஒரே சில்லில் அடங்கியிருத்தலின், அதனை நுண்கட்டுப்படுத்தி என்பர். அதன் வசதிகள் மிகக் குறைவு. மாணவர் பெரிதும் கையாளும் ஆடுயினோ ஊனோ பலகையிலுள்ள சில்லின் தற்காலிக நினைவகம் 2,048 பைற்று மட்டுமே.

இத்தகைய சில்லுக்கு எழுதப்படும் எளிய செயல்நிரல் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருவது. வெப்பத்தை அளக்கும், திரையில் எழுதும், பொத்தான் அழுத்தப்பட்டதா எனப் பார்க்கும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வேலை சிறிதாயின் இம்முறை போதும். ஆனால், திரையில் எழுதும் வேலை நீளுமாயின், அதற்கிடையில் அழுத்தி விடப்பட்ட பொத்தான் கவனிக்கப்படாமலே போகும். அப்பொத்தான் மருந்துப் பம்பியை நிறுத்துவதற்குரியதாயின் விளைவு என்னாகும்? விரைவு வேறு, நேரந் தவறாமை வேறு என்னும் உண்மை இங்கே புலனாகும். உரிய விடையும் காலங்கடந்து வருமாயின் பிழையேயாகும் என்பதே நிகழ்நேரக் கணிப்பின் அடிப்படை விதி.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே நிகழ்நேர இயக்க முறைமையின் கரு. வேலைகள் தனித்தனிப் பணிகளாகப் பிரித்து எழுதப்படும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. ஆயத்தமாக நிற்கும் பணிகளுள் முன்னுரிமை மிக்கதற்கே கரு இடமளிக்கும். பெரும்பாலும் ஒரு செக்கனுக்கு ஆயிரம் முறை ஒலிக்குமாறு அமைக்கப்படும் உட்கடிகாரம், காத்திருக்கும் பணிகளுக்கு நேரம் வந்துவிட்டதா என நினைவூட்டும். இடையில் நிறுத்தப்படும் பணி விட்ட இடம், அதற்கென ஒதுக்கிய நினைவக அடுக்கிலே குறித்து வைக்கப்படும். ஆதலால் பின்னர் அது எதுவும் நிகழாததுபோல் தொடரும்.

இத்துறையிற் புகுவோர்க்கு ஏற்றது பிறீ ஆர்.ரி.ஓ.எஸ். என்னும் கரு. றிச்சட் பரி என்பவர் 2003ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார். 2017இல் அமேசன் நிறுவனம் இதன் பராமரிப்பை ஏற்றது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சி மொழியில் எழுதப்பட்ட இதன் நடுப்பகுதி ஒருசில கோப்புகளுள் அடங்கும்.

தொடங்குபவர் முதலில் இரண்டு பணிகளை மட்டும் எழுதுதல் நன்று. ஒன்று விளக்கை அரைச் செக்கனுக்கு ஒருமுறை மாற்றட்டும். மற்றையது கணினித் திரைக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். காத்திருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே எண்ணிக்கொண்டிராது, கருவிடம் ஓய்வு கேட்டு ஒதுங்குதல் வேண்டும். முன்னுரிமை மிக்க பணி வீணே எண்ணிக்கொண்டிருப்பின், ஏனையவை பட்டினி கிடக்கும். அடுத்து, அடுக்கின் அளவிலே கவனம் வேண்டும். அது நிரம்பி வழியின் அயலிலுள்ள நினைவகம் கெடும். பிழையோ வேறெங்கோ தோன்றும். இதனைக் கண்டறியும் சோதனை கருவிலேயே உண்டு. முதல்நாளே அதனை இயக்கி வைத்தல் அறிவுடைமை. பணிகள் தம்முட் செய்தி பரிமாற, கரு வழங்கும் வரிசையைப் பயன்படுத்துதல் தகும்.

ஒரே பொருளைப் பல பணிகள் பயன்படுத்துமிடத்து ஒரு பூட்டு வேண்டும். திறப்பை வைத்திருக்கும் பணியே பொருளைத் தொடலாம். இதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 யூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கலாயிற்று. அதிலிருந்தது வீஎக்ஸ்வேர்க்ஸ் என்னும் வேறொரு கரு. வானிலைத் தகவல் திரட்டும் தாழ்ந்த பணி திறப்பை வைத்திருந்தது. தகவற் பாதையைப் பேணும் உயர்ந்த பணி அதற்காகக் காத்து நின்றது. அவ்வேளை, திறப்போடு தொடர்பேயில்லாத நடுத்தரப் பணியொன்று குறுக்கிட்டுத் தாழ்ந்த பணியைத் தடுத்தது. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாமை கண்ட காவல் ஏற்பாடு, கணினியையே புதிதாகத் தொடக்கியது.

பொறியியலாளர் பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் அதே பிழையை வரவழைத்துக் காரணத்தைக் கண்டனர். திறப்பை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதனை விடும்வரை, காத்திருப்பவரின் உயர்வைத் தற்காலிகமாக வழங்குவதே மருந்து. லூயி ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறையை விரிவாக ஆராய்ந்திருந்தது. கருவிலும் அவ்வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படாதிருந்தது. சுமார் 19 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த கலத்துக்குத் திருத்தம் அனுப்பப்பட்டது, கோளாறு நீங்கியது.

பிறீ ஆர்.ரி.ஓ.எஸ். கருவிலும் இருவகைச் சாதனங்கள் உள. மியூட்டெக்ஸ் எனப்படுவது இவ்வாறு உயர்வை வழங்கும். இருநிலைச் செமபோர் வழங்காது. முன்னது பொருளைக் காத்தற்கும், பின்னது நிகழ்ச்சியை அறிவித்தற்கும் உரியன. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருத்தலின், பயில்வோர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். மேசைமீதுள்ள விளக்குப் பிந்தி எரிவதால் எவர்க்கும் தீங்கில்லை. அதே வழக்கம் மருந்துப் பம்பிக்குட் புகுமாயின், பிந்தும் ஒரு கணம் ஓர் உயிரின் விலையாகலாம்.