மண்டோர் வாயிலும் மருந்து உண்டு



சுகாதாரப் பகுதி என்றால் காய்ச்சல், இருமல், ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் என்றுதான் எழுதுவது வழக்கம். இந்தத் தடவை ஒரு மாறுதலாக மண்டோரைப் பற்றி எழுதுகிறோம். "மண்டோருக்கும் சுகாதாரத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள், கியா பார்ம் பக்கத்துத் தேயிலை மலையில் ஒரு காலை நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பனி இன்னும் விலகவில்லை. பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஒரு அக்காவுக்கு இரவெல்லாம் நெஞ்சில் பாரம். இடது கை கடுக்கிறது. சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறார். போன வாரம் தலைவலி என்று சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து மண்டோர் எல்லார் முன்னாலும், "வேலைன்னாலே ஒனக்கு வியாதி வந்துடுமே!" என்று சிரித்தது இன்னும் காதில் நிற்கிறது. அக்கா வாயை மூடிக்கொண்டு மலை ஏறிவிடுகிறார்.

மேலே மயங்கி விழுந்தால் அந்தச் சரிவிலிருந்து தூக்கி வர நாலு பேர் வேண்டும். ரோட்டுக்கு வந்து சேர்ந்தாலும், சனி ஞாயிறாக இருந்தால் கியா பார்ம் காய்கறிச் சந்தையருகே வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதைத் தாண்டி, பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். காலையில் பெரட்டிலேயே அவர் சொல்லியிருந்தால் இத்தனையும் மிச்சம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி நடக்கவே நடக்காது என்று எந்தத் தோட்டத்துக்காரராலும் சத்தியம் செய்ய முடியாது. பயப்படுகிறவன் நோவைச் சொல்ல மாட்டான். சொல்லாத நோவுக்கு எந்த டாக்டரும் மருந்து கொடுக்க முடியாது.

பழைய கதை

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. கங்காணி காலத்தில், அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் குறைந்தால் காசும் குறையும். காய்ச்சல்காரனை லயத்தில் படுக்க விடுவதால் கங்காணிக்கு நட்டம். எழுப்பி விரட்டினால் லாபம். ஒரு மனிதனின் கெட்ட குணம் மட்டுமல்ல, அவனுக்குக் கூலி கொடுத்த முறையே அப்படி இருந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகு கங்காணி முறை ஓய்ந்தது. விரட்டும் பழக்கம் ஓயவில்லை.

1941-ல் சிலாங்கூர், கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நம்மவர்கள் நடத்திய வேலை நிறுத்தத்தை மறக்கக் கூடாது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? முரட்டுத்தனமாக நடத்துகிற உத்தியோகஸ்தர்களை மாற்ற வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், ஒழுங்கான வைத்திய வசதி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். மரியாதையும் மருந்தும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். அன்றைய பெரியவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஸ்வீடன் நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் தொழிலாளர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்து, 2009-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தங்கள் மேலாளர் தெளிவாகச் சொல்கிறவர், அக்கறை உள்ளவர், தகவலை மறைக்காதவர் என்று சொன்னவர்களிடையே மாரடைப்பு போன்ற இருதய நோய் குறைவாக இருந்தது. அதே இடத்தில் வேலை செய்த காலம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடியது. மேலாளர்தான் நோய்க்குக் காரணம் என்று இது அறுதியிட்டு நிரூபிக்கவில்லை. ஆனாலும், நாள்தோறும் கேட்கிற ஏச்சு உடம்பில் தங்காமல் போகாது என்பதை யோசிக்க வைக்கிறது. கோபமும் பயமும் வரும்போது ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும். இது நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்.

பத்து மணி நேரப் பாடம்

ஆட்களை நடத்துவது பிறவியிலேயே வருகிற குணம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதுப் புது ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களை நடத்தப் போதிய மேற்பார்வையாளர்கள் இல்லை. அதற்காக 1940-ல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். அதில் ஆட்களோடு உறவு பற்றிய பாடம், இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து தடவை, மொத்தம் பத்தே மணி நேரம். போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் அந்தத் திட்டத்தில் தேறினார்கள். போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது.

அந்தப் பாடத்தின் சாரம் நாலுதான். ஒருவர் வேலை எப்படி இருக்கிறது என்பதை அவரிடமே சொல்லு. நல்லது செய்தால் அப்போதே பாராட்டு. மாற்றம் வருவதானால் முன்கூட்டியே சொல்லு. ஒவ்வொருவரின் திறமையையும் பார்த்து வேலை கொடு. பிரச்சினை வந்தாலோ, முதலில் விவரத்தை முழுதும் கேள், பிறகு யோசித்து முடிவு செய், செய், செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நம் மலையில் எப்படி?

மண்டோர் அண்ணன்மார்களே, அக்காமார்களே! கோபிக்காமல் கேளுங்கள்.

1. பெரட்டில் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், முகத்தையும் பாருங்கள். குளிரிலும் வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலி என்றால் நடக்க விடாமல் உட்கார வைத்து 999-க்குச் சொல்லுங்கள். ரோடு அடைபடும் நாட்களில் எந்த வண்டி, எந்த வழி, யார் கூடப் போவது என்பதை முன்னாடியே தீர்மானித்து வையுங்கள்.

2. கண்டிப்பதைத் தனியாகச் செய்யுங்கள். பாராட்டைப் பலர் முன்னால் சொல்லுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை.

3. குளிர்ப் பிரதேசத்தில் தாகம் தெரியாது. ஆனாலும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். கழிவறைக்குப் போக வெட்கப்பட்டும், நிறை குறைந்துவிடும் என்று பயந்தும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். மூத்திரக் கடுப்பும் கிருமித் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. "போயிட்டு வாங்கம்மா" என்ற ஒரு வார்த்தை போதும். தொடர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்பது சட்டம்.

4. மருந்தடிப்பில் அவசரம் கூடாது. பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாத ஆளை அனுப்பாதீர்கள். காற்றுக்கு எதிரே அடிக்க விடாதீர்கள். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் அந்த வேலையில் போடாதீர்கள். கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

5. இடி கேட்டால் கத்தரியையும் மெஷினையும் கீழே வைத்துவிட்டு எல்லாரும் கட்டடத்துக்கோ வண்டிக்குள்ளோ போக வேண்டும். தனி மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழிந்த பிறகே திரும்பலாம். கொழுந்து நாளைக்கும் இருக்கும்.

6. இன்று நம்மோடு வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் எல்லாரும் வேலை செய்கிறார்கள். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் மொழி தெரியாமல் வந்து இறங்கியவர்தான். "புரிஞ்சதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். செய்து காட்டுங்கள், பிறகு அவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அன்றைய கங்காணி நம்மை ஏசியதை நாம் அவர்கள் மேல் இறக்கி வைக்கக் கூடாது.

சட்டம் உங்கள் காது வழியாக வருகிறது

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ தெரிவித்தும் நடவடிக்கை இல்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. மலைச்சரிவில் பெரும்பாலும் யாரிடம் தெரிவிப்பார்? மண்டோரிடம்தான். மண்டோர் காதைப் பொத்திக்கொண்டால் சட்டமும் மலை ஏறாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். உங்கள் தோட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டோரும் மனுஷன்தான்

நியாயமாகப் பேச வேண்டும். கொழுந்துக் கணக்கைக் கேட்டு மேலிருந்து ஒரு நெருக்கல், "முடியாது" என்று கீழிருந்து ஒரு நெருக்கல். நடுவில் நசுங்குகிறவர் மண்டோர். அவருக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு. கணக்குக் கேட்கிற நிர்வாகம் பயிற்சியும் கொடுக்க வேண்டும். விரட்டினால்தான் நல்ல மண்டோர் என்று பேர் கொடுப்பது தலைக்காசுக் காலத்துப் புத்தி.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பொய்யாக எம்.சி. எடுத்தால், நாளைக்கு உண்மையான நோயாளியை யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் நோவை மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

நாளைக் காலைப் பெரட்டில் மண்டோர் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: "ஒடம்பு எப்படி இருக்கு?" பதில் வரும் வரை நின்று கேட்கட்டும். மாத்திரை டப்பா திறக்கு முன்னே பாதி வைத்தியம் அங்கேயே நடந்துவிடும்.

உழைப்போம்; உடலையும் காப்போம்!